பனை வாரம், பலா வாரம்: சின்னப் பிள்ளைக்கு வீட்டில் பாடம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. கேரளம், பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ், பஸ் போர்டு மலையாளம், துணிமணி எடுக்கப் போவது பொள்ளாச்சி. மகளுக்கு மூன்றரை வயதிலிருந்து ஆறு முடியும் வரை நான்தான் டீச்சர். போன ஜூனில் அவளை இரண்டாம் வகுப்பில் சேர்த்தோம். இப்போது நாலு வயது மகனின் முறை. பால் சொசைட்டி, ரேஷன் கடை வரிசை, கல்யாணப் பந்தி என்று எங்கே போனாலும் இதே கேள்விகள் வருவதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பயிற்சி பெற்ற ஆசிரியை கிடையாது. வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பள்ளிக்கு அனுப்பாமல் இருந்தால் கேஸ் வராதா?

ஆறு வயது வரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டுக் கல்வியை அந்தச் சட்டம் ஏற்றுக்கொள்ளவும் இல்லை, பேர் சொல்லித் தடுக்கவும் இல்லை. பதினாலு வயது வரை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் குடும்பங்கள் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. ஆறு வரை வீடு, பிறகு அரசுப் பள்ளி, சாயங்காலம் மறுபடி வீடு என்பது எங்கள் ஏற்பாடு. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையே 3 முதல் 8 வயது வரை ஒரே கட்டமாக எடுத்துக்கொண்டு, விளையாட்டும் செய்து பார்ப்பதும்தான் அப்போதைய படிப்பு என்கிறது. கொள்கை வருவதற்கு முன்னாலேயே எங்கள் அம்மாயி அதைத்தான் செய்துகொண்டிருந்தார், முறத்தில் கடலைக்காயைக் கொட்டிப் பேத்தியை எண்ணச் சொல்லி.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

மூன்றரை வயதில் இருபது நிமிடம். ஐந்தில் ஒரு மணி நேரம், அதுவும் இரண்டு தவணையாக. மீதி நேரம் பிள்ளை தோப்பில் இருக்கும். தோப்பில் இருப்பதையும் நான் பாடக் கணக்கில்தான் எழுதுவேன்.

தீம் வைத்துப் பாடம் என்றால் என்ன?

ஒரு வாரமோ பத்து நாளோ ஒரே பொருளைச் சுற்றிக்கொண்டே இருப்பது. கதை அதைப் பற்றி, எழுத்து அதிலிருந்து, கணக்கு அதை வைத்து, கைவேலையும் அதில்தான். ஒன்பது மணிக்குத் தமிழ், பத்து மணிக்குக் கணக்கு என்று பிரித்தால் நாலு வயதுப் பிள்ளைக்கு ஒன்றோடொன்று ஒட்டாது.

இணையத்தில் தீம் அட்டவணைகள் கொட்டிக் கிடக்கின்றன. முதல் மாதம் நானும் ஒன்றைப் பார்த்து ஆரம்பித்தேன். முதல் வாரம் பனிமனிதன். பஞ்சை உருட்டி ஒட்டினோம். "இது எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை, நானும் பார்த்ததில்லை. அந்த அட்டவணையை அன்றைக்கே மூடிவிட்டேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் தீம் என்றால் நடந்து போய்த் தொட்டுவிட்டு வரக்கூடியதாக இருக்க வேண்டும். டைனோசர், விண்வெளி எல்லாம் பிள்ளையே கேட்டால் உண்டு. நாமாகக் கொண்டுவந்து திணிப்பதில்லை.

ஒரு வாரத்தை முழுதாகச் சொல்லுங்களேன்.

பனை வாரத்தைச் சொல்கிறேன். நாலு வருஷமும் செய்தது, ஒவ்வொரு வருஷமும் வேறு மாதிரி வந்தது.

பாலக்காட்டுக் கிழக்கு எல்லைக்குப் பனைதான் முகம். மலையாளத்தில் கரிம்பனை. தமிழ்நாட்டுக்கு மாநில மரம் பனை, கேரளத்துக்குத் தென்னை. இரண்டும் ஒரே வரப்பில் நிற்கிற ஊர் எங்களுடையது. முதல் நாள் வேலை மரத்தைப் பார்த்துவிட்டு வருவது, அவ்வளவுதான். சும்மா பார்த்தால் பிள்ளைக்கு அலுக்கும், அதனால் ஒரு கேள்வியோடு அனுப்புவேன். "எந்த மரத்துல காய் இருக்கு, எதுல இல்ல?" பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நுங்கு பெண் பனையில் மட்டும்தான். அலகுப்பனை, பருவப்பனை என்று அப்பாரு (தாத்தா) பேர் சொல்லிக் கொடுத்தார். எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். ஓலையில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கினால் பாடம் அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிடும். நிற்கட்டும்.

இரண்டாம் நாள் நுங்கு, அதாவது சித்திரை வைகாசியில் செய்தால். ஒரு காய்க்குள் பெரும்பாலும் மூன்று கண். நாலு காய்க்கு எத்தனை கண் என்று நான் கேட்கவே வேண்டாம், பங்கு பிரிக்கும்போது அவளே எண்ணினாள். இரண்டு கண் மட்டும் இருந்த காய் ஒன்று வந்தபோது நடந்த சண்டைதான் எங்கள் வீட்டின் முதல் கழித்தல் பாடம். வெறுங்காய் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பு வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. குச்சி நடுவில் போகவில்லை என்றால் வண்டி நொண்டும். அச்சு என்றால் என்ன என்று படம் போட்டு விளக்குவதைவிட நொண்டுகிற வண்டியைப் பிள்ளை கையிலேயே விட்டுவிடுவது நல்லது.

மூன்றாம் நாள் எழுத்து. "பனை" என்ற ஒரே சொல். ப எழுத மூன்று கோடு போதும், அதனால் எங்கள் வீட்டில் அ-வுக்கு முன்னால் ட, ப, ம வந்துவிட்டன. னை வரும்போது ஒரு வேடிக்கை. அம்மாயி சிலேட்டில் எழுதிக் காட்டிய னைக்குத் துதிக்கை இருந்தது. "அம்மாயி தப்பா எழுதறாங்க" என்று இவள் ஓடி வந்தாள். 1978-ல் தமிழ்நாட்டு அரசு எழுத்தைச் சீர்திருத்திய வரை ணை, லை, ளை, னை நாலும் துதிக்கை வைத்துத்தான் எழுதப்பட்டன. அம்மாயி அதற்கு முந்தைய படிப்பு. அதற்குப் பிறகு ஒரு மாதம் இவள் யானை என்று எழுதும்போதெல்லாம் துதிக்கை போட்டுத்தான் எழுதினாள். நான் திருத்தவில்லை. யானைக்குத் துதிக்கை இருப்பது நியாயம்தானே.

நாலாம் நாள் ஓலை. காற்றாடி, கிலுகிலுப்பை. காய்ந்த ஓலை ஒடியும், பச்சை ஓலையின் ஓரம் கையைக் கிழிக்கும். குருத்தோலையை ஒரு நாள் நிழலில் வாட்டி, ஓரத்தை நான் சீவிக் கொடுத்துவிடுவேன். மடிப்பது மட்டும் பிள்ளை வேலை. எனக்குப் பின்னத் தெரியாது, தெரிந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். பழைய விசிறி ஒன்றைப் பிரித்துப் பிரித்துக் காட்டினார். டீச்சர் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஐந்தாம் நாள் பதனீர். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதனீர், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். எங்கள் ஊரில் இதைப் பேசாமல் இருக்க முடியாது. காலையில் கள்ளு வண்டிகள் மேற்கே போவதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் கள்ளுக்கடை உண்டு, அந்தப் பக்கம் கள் இறக்கத் தடை. "ரோட்டைத் தாண்டினா ஏன் கூடாது?" என்று கேட்டாள். பெரியவர்களுக்கே புரியாத கேள்வி. சுண்ணாம்பு என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தை அப்பாவிடம் கேட்கச் சொல்லித் தள்ளிவிட்டேன்.

ஆறாம் நாள் எதுவும் இல்லை. கதை கேட்டுக்கொண்டு தூங்கிவிட்டோம்.

வருஷம் முழுக்கத் தீமுக்கு எங்கே போவது?

காலண்டரில் மாதத்தைப் பாருங்கள், பிறகு வாசலைப் பாருங்கள். சித்திரையில் கொன்றை பூத்திருக்கும். அது கேரளத்தின் மாநிலப் பூ, விஷுக்கணிக்கும் நம் சித்திரைக் கனிக்கும் பொதுவான பூ. தமிழ்நாட்டின் மாநிலப் பூ செங்காந்தள். வைகாசியில் பலா. இதில் இரண்டு மாநிலமும் ஒற்றுமை, இரண்டுக்கும் மாநிலப் பழம் பலாதான். மரகதப்புறா, இருவாச்சி, வரையாடு, யானை என்று இரண்டு பக்கத்துச் சின்னங்களையும் சீட்டாக வரைந்து வெட்டிக் கலைத்துப் போட்டு, எது எந்தப் பக்கம் என்று பிரிக்கும் ஆட்டம் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. பலாச் சீட்டு யாருக்கு என்பதில்தான் தகராறு.

ஆடியில் காற்று. இதைப் பாலக்காட்டில் செய்யாமல் வேறு எங்கே செய்வது? மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் கணவாய்க்குள்தான் நாங்கள் குடியிருக்கிறோம். தூணில் ஒரு ரிப்பனைக் கட்டிவிட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று தினமும் ஒரு அம்புக்குறி போடச் சொன்னேன். ஆடியில் எல்லா அம்பும் கிழக்கே பார்த்தது. மார்கழியில் மறுபடி கட்டியபோது மேற்கே பார்த்தது, உதடும் வெடித்தது. மழைக்காற்று மேற்கிலிருந்து வரும், வறட்டுக் காற்று கிழக்கிலிருந்து வரும் என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லித்தரவில்லை. கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகளைப் பார்த்துவிட்டு வந்து, சார்ட் பேப்பரில் மூன்று இறக்கை வெட்டி, ஈர்க்குச்சியில் குண்டூசி குத்திச் செய்தது அந்த வாரத்துக் கைவேலை.

ஆவணியில் ஓணப் பூக்களம். அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாள், நாளுக்கு நாள் வட்டம் பெரிதாகும். வட்டம் போட ஒரு ஆணி, ஒரு கயிறு, ஒரு சாக்பீஸ். புரட்டாசியில் கொலு. விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் விரல் பிடித்து எழுதுவிப்பது இரண்டு பக்கமும் உண்டு. பக்கத்து வீட்டில் ஹரிஸ்ரீ எழுதினார்கள், நாங்கள் அ எழுதினோம். ஐப்பசியில் கல்பாத்தித் தேர், தையில் பனங்கிழங்கு.

மாசியில் சித்தூர் பகவதிக்குக் கொங்கன்படை. கொங்குநாட்டிலிருந்து படையெடுத்து வந்தவர்களைப் பகவதி அருளால் சித்தூர்க்காரர்கள் விரட்டியதை நடித்துக் கொண்டாடும் திருவிழா. வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போய்க் கதையையும் சொல்லித் தொலைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் சத்தமாகக் கேட்டாள்: "அப்ப நாம தோத்தவங்களாம்மா?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சரித்திரம் என்றால் யார் பக்கம் நின்று சொல்கிறோம் என்பதும் சேர்ந்தது என்று நாலு வயதுக்குப் புரியவைக்க முடியுமா தெரியவில்லை. ஆனால் அட்டையில் வாளும் கேடயமும் செய்து, ஒரு நாள் இவள் பகவதி, மறுநாள் இவளே கொங்கன். இரண்டு நாளும் தோற்றது நான்தான்.

கைவேலைச் சாமானுக்கு நிறையச் செலவாகுமா?

மழுங்கின முனைக் கத்தரி ஒன்று, மெழுகுக் கலர் ஒரு பெட்டி, நாலைந்து சார்ட் பேப்பர். இதற்கு மேல் நான் வாங்கியது குறைவு. சாக்கு ஊசி, தென்னை ஈர்க்கு, சிரட்டை, பழைய கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி, முட்டை அட்டை எல்லாம் வீட்டிலேயே இருக்கும்.

பசைக்கு ஒரு பங்கு மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் நாலு பங்கு தண்ணீர் சேர்த்து, கண்ணாடி மாதிரி வரும் வரை கிளறினால் போதும். இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும், கொட்டிவிட்டு வேறு காய்ச்சுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் கெடாமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளை கை வைக்கும் பசையில் வேண்டவே வேண்டாம். விளையாட்டு மாவுக்கு இரண்டு கப் மைதா, ஒரு கப் தூளுப்பு, பிசைகிற அளவுக்குத் தண்ணீர். நிறத்துக்குப் பீட்ரூட் சாறு, மஞ்சள் தூள். மஞ்சள் தூளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாகும், அதை மந்திரம் என்று சொல்லிக் காட்டிவிட்டு அப்புறம் காரணம் சொல்லலாம். சுண்ணாம்பை நீங்களே தொட்டுச் செய்யுங்கள், பிள்ளையின் கண்ணுக்கு ஆகாது.

இன்னொன்று முக்கியம். ஒட்டுவதற்கும் கோப்பதற்கும் விதை பொறுக்கும்போது குன்றிமணியைக் கூடையில் சேர்க்காதீர்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு, பார்க்க அவ்வளவு அழகு. உடைத்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. குருவாயூரில் பிள்ளைகள் உருளிக்குள் கைவிட்டு அளைவார்களே, அந்த மஞ்சாடி வேறு: முழுச் சிவப்பு, பொட்டு கிடையாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, "பொட்டு வெச்சதத் தொடக்கூடாது" என்று ஒரு நாள் முழுக்கச் சொன்னேன். மஞ்சாடியும் வாயில் போடுவதற்கு அல்ல, சின்னப் பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கும். பூக்களத்துக்குப் பூப் பறிக்கையில் அரளியையும், செங்காந்தளைப் பார்க்கப் போகையில் அதன் கிழங்கையும் இதே கணக்கில் வையுங்கள்.

செய்த கைவேலை கோணல்மாணலாக வருகிறது. நாம் சரிசெய்து கொடுக்கலாமா?

வேண்டாம். சரியாக வந்தது உங்கள் கைவேலை.

தமிழா, மலையாளமா, இங்கிலீஷா? எதை முதலில் எழுதப் பழக்குவது?

எல்லையில் இருக்கிறவர்களுக்கு உண்மையான கேள்வி இதுதான், சட்டம் எல்லாம் அப்புறம்.

நாங்கள் செய்தது: பேசுவது மூன்றும் ஒரே காலத்தில், எழுதுவது ஒவ்வொன்றாக. முதலில் தமிழ். பிள்ளை எந்த மொழியில் அடம் பிடிக்கிறதோ அந்த மொழியில்தான் எழுத்து சீக்கிரம் ஏறும். தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்தக் கூடாது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், மிச்சம் 216-உம் இவை கூடிப் பிறந்தவை. கால், கொம்பு, கொக்கி பிடிபட்டுவிட்டால் பிள்ளையே கோத்துக்கொள்ளும். ஐந்து வயதில் சின்னக் கதைகளைத் தானாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதற்குப் பிறகுதான் மலையாள எழுத்து.

அந்த எழுத்தைப் புத்தகம் வைத்துத் தொடங்கவில்லை, பஸ் போர்டை வைத்துத் தொடங்கினோம். "பாலக்காடு" என்ற போர்டை நூறு தடவை பார்த்த பிள்ளைக்கு அதில் பா எது, டு எது என்று பிரிக்கத் தெரிந்தது. மலையாள ட, இங்கிலீஷ் எஸ் மாதிரி இருக்கும். அதை வைத்து மூன்று மொழியையும் முடிச்சுப் போட்டு ஒரு வாரம் குழப்பினாள், பிறகு தானாகத் தெளிந்தாள். நமக்கு ஒரு க இருக்கிற இடத்தில் அவர்களுக்கு நாலு இருப்பதை மட்டும் அவசரப்படாமல் சொல்ல வேண்டும்.

சொற்களில்தான் கொண்டாட்டம். வெள்ளம் என்றால் நமக்கு ஊரை அடித்துப் போவது, அவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர். அங்கன்வாடியில் டீச்சர் "வெள்ளம் வேணோ?" என்று கேட்ட முதல் நாள் இவள் மிரண்டு ஓடி வந்துவிட்டாள். சம்மந்தி அவர்களுக்குத் துவையல், நமக்குச் சம்பந்தி வீட்டார். எங்கள் கொங்குப் பக்கம் மாட்டுப் பொங்கலைப் பட்டிப் பொங்கல் என்போம், மலையாளத்தில் பட்டி என்றால் நாய். "நாய்க்குமா பொங்கல் வைப்பீங்க?" என்று பக்கத்து வீட்டுச் சேச்சி மகன் கேட்டான். அந்த வருஷம் நாய்க்கும் ஒரு இலை போட்டோம். இப்படிப்பட்ட சொற்களை ஒரு நோட்டில் சேர்க்கிறோம். இடது பக்கம் நம் அர்த்தத்துக்குப் படம், வலது பக்கம் அவர்கள் அர்த்தத்துக்குப் படம். நான் செய்த எல்லாப் பாடத்திலும் எனக்குப் பிடித்தது இந்த நோட்டுதான்.

இங்கிலீஷைப் பற்றிக் கவலைப்பட ஊரே இருக்கிறது. நான் தனியாகக் கவலைப்படவில்லை.

தமிழ்ப் புத்தகம் இந்தப் பக்கம் கிடைக்குமா?

கடையில் கிடைப்பது குறைவு. பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போகும்போது வாங்கி வருவோம். சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் படக்கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு மொழியில் அச்சிட்டவை உண்டு. நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் விலை குறைவு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் மலையாளத்திலும் படக்கதைகள் இலவசம், எவ்வளவு கடினம் என்று நிலை பிரித்திருப்பார்கள். அச்செடுத்து நடுவில் நூல் போட்டுத் தைத்துவிட்டால் புத்தகம். ஊசி நூல் கோக்கிறதும் ஒரு கைவேலைதான். பாடப்புத்தகம் வேண்டுமென்றால் தமிழ்நாட்டு அரசின் புத்தகங்களை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். கேரள அரசும் தமிழ்வழிப் பள்ளிகளுக்குத் தமிழில் பாடப்புத்தகம் போடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படங்களுக்காகவே இரண்டையும் வைத்துக்கொண்டோம்.

கேரளத்தில் இருப்பதில் எனக்குள்ள பெரிய சொத்து கிராம நூலகம். வாசகசாலை இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் 1995 ஜூன் 19-ல் மறைந்தார். அந்த நாளை இங்கே வாசிப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். எங்கள் பக்கத்து நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் நூல் அலமாரியில் பாதித்தட்டுகூட இல்லை. ஆனால் மலையாளப் படப்புத்தகத்தை எடுத்துவந்து படத்தைப் பார்த்து நானே தமிழில் கதை சொல்வேன். எழுத்து தெரிந்த பிறகு மகள் கண்டுபிடித்துவிட்டாள்: "அம்மா, இதுல அப்படி எழுதியில்ல." அன்றிலிருந்து அவள் வாசிக்கிறாள், நான் கேட்கிறேன்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். நாற்பதாவது தடவையில்தான் எங்கள் மகன் ஒரு புது வார்த்தையைப் பிடித்தான்.

கணக்கு எப்படி?

பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழு, மொத்தம் 14 குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டால் 70 கொட்டை. எண்ணுவது, ஒவ்வொன்றாகப் போடுவது, எங்கே முடியும் என்று முன்கூட்டியே யோசிப்பது எல்லாம் அதிலேயே வந்துவிடும். பத்துப் பத்தாகக் கட்டுவதற்கு ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும். லிட்டர், அரை லிட்டர் பால் சொசைட்டியில். காசு சந்தையில். கூட்டல் தாளில் எழுதுவதை ஐந்தரை வயது வரை தொடவே இல்லை. அது எங்களுக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

பிள்ளை உட்காரவே மாட்டேன் என்கிறது.

நின்றுகொண்டே செய்யட்டும். எங்கள் மகன் அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் எழுத்துப் போடுகிறான்.

மற்ற பிள்ளைகளோடு பழகாமல் போய்விடாதா?

நகரத்து அடுக்குமாடியில் இது நியாயமான பயம். எங்கள் தோப்பில் சாயங்காலம் நாலு மணிக்கு ஏழெட்டுப் பிள்ளைகளாவது இருக்கும். போதாததற்கு வாரத்தில் மூன்று நாள் அங்கன்வாடிக்கும் போனாள். மலையாளம் அவளுக்கு நாக்கில் ஏறியது அங்கேதான், என் பாடத்தில் இல்லை. வீட்டில் பாடம் நடத்துவதும் அங்கன்வாடிக்கு அனுப்புவதும் ஒன்றையொன்று வெட்டும் என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. டீச்சரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன். அவர்களும் தீம் கேட்டு அவர்கள் பாட்டைச் சேர்த்துக்கொண்டார்கள்.

வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்களா?

மாமியார் முதல் வருஷம் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. "ஏனம்மிணி, ஊரு பிள்ளைகெல்லாம் டை கட்டிட்டு வேன்ல போகுது, இவ ஓலையக் கிழிச்சிட்டு உக்காந்திருக்கறா" என்பார். நான் வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. பிறகு ஒரு நாள், "அத்தை, ராகி வாரம் வருதுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்றேன். முறம் பிடிக்க, புடைக்க, திரிகையில் அரைக்க, களி கிண்ட என்று அந்த வாரத்தை அவரே நடத்தினார். அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால், "எங்க பேத்திக்கு நாந்தான் டீச்சரு" என்று சொல்லிவிடுகிறார். எனக்கு வேலை மிச்சம்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். முடியுமா?

முழு நேரமும் முடியாது. சாயங்காலம் முக்கால் மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை, தூங்கப் போகும்போது ஒரு கதை. தீம் மாதத்துக்கு ஒன்று போதும். அதுவும் முடியாத வாரம் கதையை மட்டும் விடாதீர்கள்.

செல்போனில் பாட்டு, வீடியோ காட்டலாமா?

பார்த்த பொருளை மறுபடி பார்க்க மட்டும். தூக்கணாங்குருவிக் கூட்டை நேரில் பார்த்துவிட்டு வந்து, குருவி பின்னுகிற வீடியோவைக் காட்டினேன். முதலில் வீடியோவைக் காட்டியிருந்தால் கூட்டைப் பார்க்க வந்திருக்க மாட்டாள்.

பிறகு பள்ளியில் சேர்க்கும்போது சிக்கல் வராதா?

வந்தது. முதலில் போன ஒரு பள்ளியில் "டெஸ்ட் வைத்துத்தான் எடுப்போம், டி.சி. இல்லாமல் இரண்டாம் வகுப்பா?" என்றார்கள். மகளைத் தனியறைக்கு அழைத்துப்போய் இங்கிலீஷில் ஏதோ கேட்டிருக்கிறார்கள். இவள் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. வீடு வரும் வரை என் கையை விடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதற்கப்புறம்தான் படித்தேன். 4-ஆம் பிரிவு: ஆறு வயதைத் தாண்டியும் பள்ளியில் சேராத பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போனதைப் பிடிக்கத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். 13-ஆம் பிரிவு: சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது. 14-ஆம் பிரிவு: வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு போங்கள். கடைசியில் தமிழ்வழி அரசுப் பள்ளியில் பிறப்புச் சான்றிதழை மட்டும் காட்டிச் சேர்த்தோம். தலைமை ஆசிரியர் பட்டிப் பொங்கல் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இதை கிளாசுக்குக் கொண்டு வரலாமா?" என்று கேட்டார்.

பள்ளியே வேண்டாம் என்று தொடர்கிறவர்களுக்கு, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் உண்டு. அதில் அடிப்படைக் கல்வி ஏ, பி, சி என்று மூன்று நிலை. முறையே 3, 5, 8-ஆம் வகுப்புக்குச் சமம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும்.

என்னென்ன எழுதி வைக்க வேண்டும்?

வாரத்துக்கு ஒரு பக்கம். தீம், பிள்ளை கேட்ட கேள்வி, படித்த புத்தகம், ஒரு போட்டோ. கேள்வியை மட்டும் அதே நாளில், அது சொன்ன மாதிரியே எழுதிவிடுங்கள். மறுநாள் ஞாபகம் இருக்காது.

நாளைக்கே தொடங்க வேண்டும். காலையில் என்ன செய்ய?

விழுந்து கிடக்கிற தென்னை மட்டை ஒன்றை முற்றத்துக்கு இழுத்து வாருங்கள். பிள்ளை ஒரு பக்கம் பிடிக்கட்டும். ஒரு பக்கத்துக் கீற்றை எண்ணுங்கள், இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. ஒரு கீற்றைக் கிழித்து வாட்ச் செய்யுங்கள், இன்னொன்றில் பீப்பி. ஈர்க்கை உருவி மண்ணில் ட எழுதுங்கள். பீப்பி ஊதத் தெரிந்துவிட்டால் அன்றைக்கு வேறு எதுவும் நடக்காது, மட்டையைச் சுவரோரம் சாத்தி வையுங்கள், நாளைக்கும் ஆகும்.